கொரோனா பெருந்தொற்றும் இளையோரின் உண்ணல் கோளாறுகளும்

கோவிட்-19 பெருந்தொற்றின் முதல் இரண்டு ஆண்டுகளில் வட அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் உண்ணல் கோளாறோடு மருத்துவமனைக்கு வந்த பதின்ம வயதினரின் எண்ணிக்கை வேகமாகக் கூடியது. சிறுமியரிடையே இந்த உயர்வு மிகத் தெளிவாகத் தெரிந்தது. ஏற்கெனவே நோயுற்றிருந்த பலருக்கு அது முற்றியது. தேறிவந்தவர்கள் மீண்டும் சரிந்தனர். புதிதாக நோய்ப்பட்டவர்களும் பெருகினர். அவர்களைத் தாங்கி நின்ற அன்றாட ஒழுங்கு ஒரேயடியாகக் கலைந்துபோனது இதற்கு ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

உண்ணல் கோளாறைச் சாப்பாட்டில் காட்டும் அடம் என்றோ அழகு மோகம் என்றோ கருதுவது பெரும் தவறு. அனோரெக்சியா நெர்வோசாவில், எடை கூடிவிடும் என்ற அச்சத்தால் உணவு குறைந்துகொண்டே போகும். புலிமியா நெர்வோசாவில், கட்டுப்பாடின்றி உண்பதும் அதை ஈடுகட்ட உடலை வருத்துவதும் மாறி மாறி வரும். கட்டுக்கடங்காமல் உண்பது மட்டுமே நோயாக இருப்பதும் உண்டு. மனநோய்களிலேயே உயிரிழப்பு மிகுந்தவற்றுள் அனோரெக்சியா ஒன்று. பட்டினியால் இதயத் துடிப்பு ஆபத்தான அளவுக்கு மந்தமாகும். தற்கொலையாலும் உயிர்கள் போகின்றன.

கனடாவின் ஆறு குழந்தைகள் மருத்துவமனைகளில், அனோரெக்சியா என்று புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் பெருந்தொற்றுக்கு முன் மாதத்துக்குச் சராசரியாக 24.5 பேர், முதல் அலையின்போது 40.6 பேர். உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டவர்கள் 7.5இலிருந்து 20 ஆயினர். இந்தக் குழந்தைகளுக்கு நோய் விரைவாக முற்றியிருந்தது. எடை இழப்பும் முன்பைவிட அதிகம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் 2020ஆம் ஆண்டில் அனோரெக்சியாவுக்கான சேர்க்கை முந்தைய மூன்று ஆண்டுகளின் நிலையைப் போல இரு மடங்கானது. அமெரிக்காவில் 12 முதல் 17 வயதுச் சிறுமியரிடையே, உண்ணல் கோளாறுக்காக அவசரப் பிரிவுக்கு வந்தவர்களின் விகிதம் இரட்டித்தது. பிரிட்டனில் 2020 மார்ச் முதல் 2022 மார்ச் வரையிலான குடும்ப மருத்துவர் பதிவுகளில், 13–16 வயதுச் சிறுமியரிடம் கண்டறியப்பட்ட உண்ணல் கோளாறுகள் எதிர்பார்த்த அளவைவிட 42 விழுக்காடு அதிகம்.

பள்ளி மூடியபோது பாடம் மட்டும் நிற்கவில்லை. மதிய உணவு மணி, உடன் உண்ணும் தோழிகள், தட்டில் மிச்சமிருப்பதைக் கவனிக்கும் ஆசிரியர், மாலை விளையாட்டு எல்லாம் போயின. தேர்வு நடக்குமா, தோழியை மறுபடி எப்போது பார்ப்போம் என்று எதுவுமே தெரியாத நாட்களில், தன் கையில் இருப்பதாகத் தோன்றிய ஒன்று உணவுதான். ‘ஆரோக்கியமாக இருப்போம்’ என்று தொடங்கிய உடற்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் சிலரிடம் நிறுத்த முடியாத கட்டாயமாக மாறின. முடக்கத்தில் எடை கூடிவிடும் என்ற கேலிச் செய்திகள் சமூக ஊடகங்களில் நிறைந்திருந்தன. காணொளி வகுப்பில் மணிக்கணக்கில் தன் முகத்தையே பார்த்திருக்க வேண்டியிருந்தது. மேலை நாட்டுக் கடைகளில் அலமாரிகள் காலியானபோது, பயமின்றி உண்ணக்கூடியவை என்று சில பொருட்களை மட்டும் நம்பியிருந்தவர்கள் அவை கிடைக்காமல் உணவையே தவிர்த்தனர்.

பட்டினி தானே மனத்தை மாற்றவும் செய்கிறது. 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வில், நல்ல உடல்நலமுள்ள 36 இளைஞர்களுக்கு ஏறக்குறைய ஆறு மாதம் பாதி உணவே தரப்பட்டது. அவர்கள் உணவைப் பற்றியே நினைத்தார்கள், சோர்ந்தார்கள், மற்றவர்களிடமிருந்து விலகினார்கள். உணவு குறைவதால் வரும் இந்த விலகலும், அரசு விதித்த தனிமையும் 2020இல் ஒரே வீட்டுக்குள் சேர்ந்துகொண்டன.

சிகிச்சை தடைபட்டதும் பெரிய பாதிப்பு. பதின்ம வயதினரின் அனோரெக்சியாவுக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது, 1980களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்பவழிச் சிகிச்சை. பிள்ளையை உண்ணவைக்கும் பொறுப்பைப் பெற்றோர் ஏற்பார்கள். சிகிச்சையாளர் துணை நிற்பார். இது காணொளிக்கு மாறியபோது, தொலைவில் இருந்தவர்களுக்கும் எட்டியது. ஆனால் எடையையும் நாடித்துடிப்பையும் திரை வழியாகப் பார்க்க முடியாது. எடை பார்க்கும் வேலை வீட்டுக்கு வந்தது. எடை எண்ணைக் கண்டாலே பதறும் பிள்ளைக்கும், அதைக் குறித்தனுப்ப வேண்டிய தாய்க்கும் அது ஒரு போராட்டம். வேலையிழப்பும் சச்சரவும் இருந்த வீடுகளில் அந்தப் பொறுப்பைத் தாங்குவது இன்னும் கடினம். நாள் முழுதும் உடனிருந்ததால் பெற்றோர் நோயை முதன்முறையாகக் கண்டுகொண்ட வீடுகளும் உண்டு. பள்ளியின் கேலியிலிருந்து விடுபட்டு ஓரளவு தேறியவர்களும் இருந்தார்கள்.

இங்கிலாந்தில் அவசர நிலையிலுள்ள பிள்ளைகளுக்கு ஒரு வாரத்திலும் மற்றவர்களுக்கு நான்கு வாரத்திலும் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று 2015இல் காலவரையறை வகுக்கப்பட்டது. 95 விழுக்காட்டினருக்கு அதை 2020–21க்குள் எட்டுவதே இலக்கு. அந்த ஆண்டுதான் பெருந்தொற்றின் ஆண்டாக அமைந்தது. அவசரமற்ற பிரிவில் காத்திருந்தவர்கள் 2020 ஜூன் முடிவில் 441 பேர். அடுத்த ஆண்டு அதே வேளையில் 1,832 பேர். ‘அவசரமற்ற’ என்ற பெயர் இங்கே ஆறுதல் தராது: காத்திருக்கும் வாரங்களில் உடல் இன்னும் மெலியும், மீட்சி இன்னும் தள்ளிப்போகும்.

2020இல் 13 வயதில் நோயுற்ற ஒரு சிறுமிக்கு 2025இல் 18 வயது. இன்னும் தேறாதிருந்தால், இங்கிலாந்தில் அவர் வயதுவந்தோருக்கான சேவைக்கு மாற வேண்டும். 2015இல் வகுத்த அந்தக் காலவரையறை பிள்ளைகளுக்கும் இளையோருக்கும் மட்டுமே உரியது.