பக்கவாதத்திற்கும் பொழுது உண்டா?

கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் பழைய நூல் ஒன்று, மனிதனைத் திடீரென வீழ்த்தும் மூளைத்தாக்கைக் குளிர்கால நோய்களுள் ஒன்றாகக் கூறுகிறது. உடல் நீர்மங்களின் ஏற்றத்தாழ்வே நோய்க்குக் காரணம் என்று அக்காலத்தார் கருதினர். 1658இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் வெப்ஃபர், இந்நோயால் இறந்தவர்களின் உடலை அறுத்து ஆராய்ந்து, மூளைக்குள் இரத்தம் கசிந்திருப்பதைக் கண்டார். குற்றவாளி இரத்தக்குழாய் என்பது புலனாயிற்று.

பருவத்தைப் போலவே பொழுதுக்கும் இதில் பங்கு உண்டா? 1998இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் எலியட், 11,816 நோயாளிகளைப் பற்றிய 31 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். நாள் முழுவதும் சமமாக நிகழ்ந்தால் எதிர்பார்க்கக்கூடிய அளவைவிட, காலை 6 மணி முதல் நண்பகல் வரை 49 சதவீதம் கூடுதலாகப் பக்கவாதம் தாக்கியிருந்தது!

காரணம் என்ன? உறக்கத்தில் தாழ்ந்திருக்கும் இரத்த அழுத்தம் காலையில் விரைந்து உயர்கிறது. படுக்கையை விட்டு எழுந்ததும் இரத்தத் தட்டுகள் எளிதில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. குளிரிலோ குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறுகிறது.

இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை, நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்திற்குள் செலுத்துவதே முறை. உறக்கத்திலேயே தாக்குண்டவருக்கு நோய் எப்போது தொடங்கியது என்று யார் சொல்வது? இத்தகையோர் பலருக்கு அம்மருந்து கிட்டாமற் போயிற்று. காந்த அதிர்வுப் படத்தைக் கொண்டு தக்கவர்களைத் தேர்ந்தெடுத்து மருந்தளிக்கலாம் என்பதை 2018இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வு காட்டியது.

ஆகவே, விடியலில் ஒருவருக்கு முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, தூக்கக் கலக்கம் என்று எண்ணிக் காத்திருக்கலாகாது. உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.