அறிவு மேலாண்மை முதிர்ச்சியை மதிப்பிடும் வல்லுநர் அமைப்புகள்

ஊழியர்களின் தலைக்குள் இருக்கும் தொழிலறிவை ஒரு நிறுவனம் எந்த அளவுக்குத் திரட்டி, பகிர்ந்து, வேலையில் பயன்படுத்துகிறது என்பதைக் காட்டும் படிநிலையே அறிவு மேலாண்மை முதிர்ச்சி. துறை வல்லுநர் முடிவெடுக்கும் முறையை விதிகளாக வாங்கி வைத்துக்கொண்டு முடிவு சொல்லும் கணினி நிரல், வல்லுநர் அமைப்பு. அந்தப் படிநிலையைக் கணிக்கவும் அதைப் பயன்படுத்தலாம்.

முதிர்ச்சியை ஐந்து படிகளாகப் பிரிக்கும் கணக்கு மென்பொருள் துறையிலிருந்து வந்தது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான திறன் முதிர்ச்சி மாதிரியே அதற்கு மூலம். அதை ஒட்டி இன்ஃபோசிஸ் தனக்கென ஒரு மாதிரி வகுத்தது, சீமென்ஸும் வகுத்தது. திறன் முதிர்ச்சி மாதிரியில் ஒரு படியின் எல்லாத் தேவைகளும் நிறைவேறினால்தான் அடுத்த படி. ஒரு பிரிவு பின்தங்கினாலும் மொத்த மதிப்பும் அங்கேயே நிற்கும்.

மூங்கில்துறைப்பட்டில் இருப்பது போன்ற ஒரு கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். வெட்டு உத்தரவு, எடைச் சீட்டு, பணப் பட்டுவாடா எல்லாம் பதிவேட்டில் இருக்கும். பாகைக் கண்ணாடித் துண்டில் தடவி, சர்க்கரை மணி திரண்ட பதத்தைப் பார்த்தே சொல்லும், பாகு காய்ச்சும் பேன் ஆபரேட்டரின் கைப்பழக்கம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. இதைக் கண்டுகொள்ள வல்லுநர் அமைப்பின் விதி ஒன்று இப்படி அமையும்: முக்கிய வேலை ஒருவருக்கு மட்டுமே தெரியும், அது எழுதிவைக்கப்படவில்லை, அவர் ஓய்வுபெறும் காலம் நெருங்கிவிட்டது எனில், அந்தப் பிரிவு முதல் படி.

பதில்கள் எப்போதும் ஆம், இல்லை என்று வருவதில்லை. ‘ஓரளவு’, ‘சில நேரம்’ என்பவற்றைக் கையாள, கணினி அறிவியலாளர் லாட்ஃபி ஜாதே 1965இல் முன்வைத்த தெளிவிலாக் கணங்கள் பயன்படுகின்றன. 1970களில் ஸ்டான்ஃபோர்டில் உருவான மைசின் என்ற மருத்துவ அமைப்பின் உறுதிக் காரணி இன்னொரு வழி: ஒரே முடிவுக்கு 0.6, 0.5 என இரு சான்றுகள் கிடைத்தால், முதல் சான்று விட்டுவைத்த 0.4இல் பாதி சேர்ந்து 0.8 ஆகும். எந்த விதி எந்த முடிவுக்கு இட்டுச்சென்றது என்று வல்லுநர் அமைப்பு திருப்பிச் சொல்லும். சாதாரண மதிப்பெண் படிவத்தால் ஆகாத வேலை இது.

எதை அளப்பது என்பதில்தான் சிக்கல். அறிவுப் பகிர்வுக்குப் புள்ளிகள் வழங்கிய இன்ஃபோசிஸில், பதிவுகள் குவிந்த வேகத்துக்குத் தரம் ஈடுகொடுக்கவில்லை. அந்த ஏற்பாட்டைப் பின்னர் மாற்ற வேண்டியதாயிற்று. ஆவண எண்ணிக்கையைக் கேட்கும் விதிகளைவிட, கடைசியாக அந்த ஆவணத்தை யார், எதற்காகத் திறந்தார் என்று கேட்கும் விதிகளே பயனுள்ளவை. கேள்வி மேலாளரோடு நின்றுவிடக் கூடாது. இரவு ஷிப்டில் இருப்பவரிடமும் போக வேண்டும். இருவர் பதிலும் முரண்பட்டால் அந்த முரண்பாடே ஒரு சான்று.

விதிகளைப் பெறுவதும் எளிதல்ல. வல்லுநரிடமிருந்து அறிவைக் கறப்பதே இத்துறையின் குறுகிய வாசல் என்று வல்லுநர் அமைப்புகளின் முன்னோடி எட்வர்ட் ஃபைகன்பாம் சுட்டிக்காட்டினார். ஆலை தன் பேன் ஆபரேட்டரிடம் படும் அதே பாட்டை, அமைப்பை உருவாக்குபவரும் தம் வல்லுநரிடம் படுகிறார்.