கிளை விரித்த கடைகள்

கண்டி நகரின் வடபுறத்தே, கட்டுகஸ்தோட்டைக்குச் செல்லும் பெருவீதியைச் சார்ந்து கிடப்பது மஹய்யாவ. மாத்தளைக்குப் போகும் இருப்புப்பாதை அதனூடே செல்கின்றது. பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்து, மாநகரத்தைத் துப்புரவு செய்யும் பணியில் அமர்ந்த தமிழ்த் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்து வருகின்றனர். இத்தகைய குடியிருப்பொன்றின் வாயிலில் உள்ள சிறு சில்லறைக் கடை எவ்வாறு நடைபெறுகின்றது என்பதைக் கூர்ந்து நோக்குபவர்க்கு, பெரும் பொருள் படைத்த வணிக நிறுவனங்கள் சில புதிய ஊர்களுக்குச் சென்று ஏன் தோற்றன என்னும் வினாவுக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

அக்கடையில் நூறு கிராம் பருப்பும் வாங்கலாம். ஒரு வேளைக் கறிக்கு வேண்டிய மிளகாய்த்தூளும் வாங்கலாம். கையில் காசு இல்லையாயின் கொப்பியில் எழுதிவிட்டுச் சம்பள நாளில் தீர்க்கலாம். எந்த வீட்டில் திருமணம், எந்த வீட்டில் நோயாளி, எவர் கடனை ஒழுங்காகக் கட்டுவார், எவர் இழுத்தடிப்பார் என்பதெல்லாம் கடைக்காரருக்கு மனப்பாடம். அவருக்குக் கந்தோர் இல்லை, கணக்காளர் இல்லை. மனைவியும் மக்களுமே பணியாளர்.

பல கிளைகளைக் கொண்ட பெருங்கடையின் நிலை வேறு. கட்டட வாடகை, மின்கட்டணம், ஊழியர் சம்பளம், பண்டகசாலை, லொறி ஆகிய யாவும் விற்பனை நடந்தாலும் நடவாவிட்டாலும் செலவாகிக்கொண்டே இருக்கும். அரிசி பருப்பு வியாபாரத்திலோ இலாபம் மிக மெலிது. நூறு ரூபாய்ச் சரக்கில் எல்லாச் செலவும் போக இரண்டு ரூபாய் மிஞ்சுகின்றது என்று கொள்க. நூறு ரூபாய்ப் பொருள் அழுகியோ களவு போயோ அழிந்தால், அந்த நட்டத்தை ஈடுசெய்ய ஐயாயிரம் ரூபாய்க்குப் புதிதாக விற்றாக வேண்டும். ஆதலின் செலவைப் பல கடைகளிடையே பகிர்ந்து குறைக்கும் பொருட்டே நிறுவனங்கள் கிளை விரிக்கின்றன. கிளைகள் ஒன்றுக்கொன்று எட்டாத தொலைவில் அமைந்துவிட்டால், குறைக்கவென்று சென்ற செலவே இரட்டிப்பாகித் திரும்பி வருகின்றது.

கண்டி மாநகருக்குக் கிளைக் கடைகளின் வரலாறு புதிதன்று. 1844-ஆம் ஆண்டைத் தன் தொடக்க ஆண்டாகக் கொள்ளும் கார்கில்ஸ் நிறுவனத்தின் பழைய கட்டடம் தலதா வீதியிலே இருக்கின்றது. அன்று மலைநாட்டில் கோப்பி பயிரிட்ட வெள்ளைத் துரைமாரே இத்தகைய கடைகளின் வாடிக்கையாளர். 1867-இல் புகைவண்டி கண்டியை எட்டியது. 1880-இல் மாத்தளை வரை நீண்டது. இடையே 1869-இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தோட்டத் தொழிலாளரின் அரிசியோ அந்தக் கடைகளின் கண்ணாடி அலமாரிகளில் என்றும் இருந்ததில்லை.

வியப்பான ஒற்றுமை ஒன்று உண்டு. அதே 1844-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலேதான் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் தொழிலாளர் இருபத்தெட்டுப் பேர் கூடி, மாவு, வெண்ணெய், சர்க்கரை முதலிய சில பண்டங்களை வைத்துக் கூட்டுறவுக் கடையொன்றைத் திறந்தனர். அவர்கள் மூட்டிய விளக்கு இலங்கைக்கு வந்து பெருஞ்சுடராக எரிந்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்து வந்த அரிசி நின்றது. உணவுப் பங்கீடு வந்தது. அதனை வழங்கும் பொருட்டு மிகக் குறுகிய காலத்தில் ஊர்தோறும் கூட்டுறவுக் கடைகள் எழுந்தன. அவற்றுக்குச் சரக்கு வழங்க 1943-இல் கூட்டுறவு மொத்த விற்பனை நிலையம் தோன்றியது. சதொச என்று வீடுதோறும் வழங்கும் பெயர் அதனுடையதே.

இவ்வளவு விரைவாகக் கிளைத்த கடைத்தொகுதி இந்நாட்டில் அதற்கு முன் இருந்ததில்லை எனலாம். ஆயினும் அதன் வளர்ச்சியில் ஒரு நொய்மை மறைந்திருந்தது. அங்கே வந்தவர் விரும்பி வந்தவரல்லர். கூப்பன் அவரை அங்கே அனுப்பியது. வாடிக்கையாளரைத் தேட வேண்டிய கடைக்காரர் கற்றுக்கொள்ளும் தொழில் நுணுக்கங்களைக் கற்க வேண்டிய தேவை அங்கே பலருக்கு நேரவில்லை. 1977-இற்குப் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டுப் பங்கீட்டு முறையும் தளர்ந்தபோது, வாங்குவோர் தத்தம் விருப்பப்படி வேறு கடைகளை நாடினர். திறமையுள்ள சங்கங்கள் நிலைத்தன. பல சங்கங்கள் நலிந்தன.

தமிழகத்தில் நிகழ்ந்த வரலாறு இதனினும் பரபரப்பானது. சென்னைத் திருவான்மியூரில் 1997-இல் ஆர். சுப்பிரமணியன் என்பவர் தொடங்கிய கடைக்குச் சுபிக்ஷா என்று பெயர். பஞ்சமின்மை, செழிப்பு என்பது அச்சொல்லின் பொருள். அதன் முடிவை எண்ணுகையில் அப்பெயர் நெஞ்சை உறுத்துகின்றது. குளிரூட்டும் வசதியில்லை, பளபளப்பான அலங்காரமில்லை, சிறிய இடம், குறைந்த வாடகை. மளிகையும் மருந்தும் அச்சிட்ட விலையினும் மலிவாகக் கிடைத்தன. வழங்குவோருக்குக் காலந் தாழ்த்தாமல் பணம் கொடுத்து, அதற்கெனத் தள்ளுபடி பெற்று, அத்தள்ளுபடியில் ஒரு பங்கை வாங்குவோருக்கு விட்டுக்கொடுப்பதே அக்கடையின் சூத்திரம். நடுத்தரக் குடும்பத்துத் தாய்மார் மாதச் சாமான் பட்டியலுடன் அதனை நாடிச் சென்றதில் வியப்பில்லை.

ஏழெட்டு ஆண்டுகளில் தமிழகத்திலே ஏறத்தாழ 140 கடைகள் ஆயின. நெருக்கமாக அமைந்தமையால் ஒரு பண்டகசாலையின் லொறி ஒரே நாளில் பல கடைகளுக்குச் சரக்கு இறக்க முடிந்தது. அரிசியின் தரமும் புளியின் பதமும் எத்தகையன என்பது வாங்குபவர்க்கும் தெரியும், விற்பவர்க்கும் தெரியும்.

அதன்பின் நேர்ந்ததோ பாய்ச்சல். டெல்லி, மும்பாய், குஜராத், ஆந்திரம், கர்நாடகம் என்று மூன்று நான்கு ஆண்டுகளில் கிளைகள் விரிந்து, 2008-இல் கடைகளின் தொகை 1,600 அளவை எட்டியது. அந்நாளில் ரிலையன்ஸ் போன்ற பெருஞ்செல்வ நிறுவனங்களும் மளிகை வியாபாரத்தில் இறங்கியிருந்தன. அவை வருமுன் இடம் பிடித்துவிட வேண்டும் என்ற அவசரம் இருந்தது. அவ்வவசரத்தை முற்றாகக் குறைகூறவும் இயலாது. ஆனால் வடக்கே சோற்றுக்கு முன் கோதுமை மாவு நிற்கின்றது. ஓரிடத்தில் கடுகெண்ணெய், ஓரிடத்தில் கடலை எண்ணெய் என்று தாளிப்பின் மணமே மாறுகின்றது. வழங்குவோர் புதியவர், கடை மேலாளர் புதியவர், பண்டகசாலையைச் சுற்றிச் சென்னையில் இருந்த நெருக்கம் அங்கே இல்லை. தமிழகத்துக் கடைகள் ஈட்டிய மெலிந்த இலாபம் இத்தனை புதிய கடைகளையும் தாங்க வேண்டியதாயிற்று.

தாங்காத பாரத்தைக் கடன் தாங்கியது. பங்கு முதலைப் பெருக்காமல் வங்கிக் கடனைக் கொண்டே விரிவு பெரிதும் நடந்தமையால், மாதந்தோறும் வட்டி வாயிலில் நின்றது. 2008 செப்டெம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் வீழ்ந்தது. உலகெங்கும் கடன் கொடுப்போர் கையை மூடினர். சுபிக்ஷாவின் கைப்பணம் வற்றியது. பணம் தாமதித்தவுடன் வழங்குவோர் சரக்கை நிறுத்தினர். உடனடிப் பணத்தால் கிடைத்த தள்ளுபடியே மலிவு விலைக்கு அடிப்படை. அந்த ஆணி கழன்றதும் வண்டி முழுவதும் குடைசாய்ந்தது. அலமாரி வெறுமையாயிற்று, வெறும் அலமாரியைக் கண்டவர் மறுமுறை வரவில்லை, விற்பனையின்றிச் சம்பளமும் வாடகையும் கொடுக்க வழியில்லை. 2009-இன் தொடக்கத்தில் கடைகள் மூடப்பட்டன. சம்பளமின்றிக் காவலர் விலகிச் சென்ற கடைகள் சில சூறையாடப்பட்டன. ஆயிரக்கணக்கான இளைஞர் நிலுவைச் சம்பளத்துக்காக அலைந்தனர்.

பணம் போதிய அளவு இருந்தும் தோற்றவர் உண்டு. அமெரிக்காவின் வால்மார்ட் 1997-இல் ஜெர்மனியில் கால்வைத்து, 2006-இல் 85 கடைகளையும் மெட்ரோ நிறுவனத்துக்கு விற்றுவிட்டு வெளியேறியது. மலிவு அதன் படைக்கலம். ஆயின் ஆல்டி போன்ற உள்நாட்டுக் கடைகள் அதே கலையில் முதிர்ந்திருந்தன. வாயிலில் நின்று முகமலர வரவேற்பதும், வாங்கிய சாமானைப் பிறர் எடுத்துப் பையில் இடுவதும் ஜெர்மானியருக்குக் கூச்சத்தையே தந்தன. டார்கெட் என்னும் மற்றோர் அமெரிக்க நிறுவனம் 2013-இல் கனடாவிற்குச் சென்று 133 கடைகளைத் திறந்தது. பண்டங்களின் அளவுகளும் விவரங்களும் கணினியில் பிழையாகப் பதிவாகியிருந்தமையால், பண்டகசாலையில் சரக்கு வழிந்தது; கடையில் அலமாரி காலியாகக் கிடந்தது. 2015 ஜனவரியில் அனைத்தையும் மூடுவதாக அறிவித்தது.

இவற்றோடு ஒப்பிட, கார்கில்ஸின் ஃபுட் சிட்டி நடந்துகொண்ட விதம் நிதானமானது. முதற்கடை 1983-இல் கொழும்பில் திறக்கப்பட்டது. 1999-இல், கண்டிக்கு அண்மையிலுள்ள ஹங்குரான்கெத்தயில் விவசாயிகளிடமிருந்து மரக்கறிகளை நேராக வாங்கும் நிலையமொன்றை அந்நிறுவனம் அமைத்தது. வடக்கிலும் கிழக்கிலும் அது பரவியது பெரும்பாலும் 2009-இல் போர் முடிந்த பின்னரே. சரக்கு வரும் பாதையைச் செப்பனிட்ட பின்னரே கடைகளின் தொகையை மிகுதியாகப் பெருக்கியது எனலாம்.

ஆயினும் மஹய்யாவ போன்ற இடங்களில் சில்லறைக் கடையின் கொப்பி மூடப்படவில்லை. சம்பள நாளன்று பேரங்காடிக்குச் செல்லும் குடும்பமே, மாதத்தின் மூன்றாம் வாரத்தில் குடியிருப்பு வாயிலில் உள்ள கடைக்கு வருகின்றது. 2022-ஆம் ஆண்டு நெருக்கடியில் பால்மா கிடைத்தற்கரிய பொருளாகி, பேரங்காடிகளில் ஒருவருக்கு ஒரு பொதி என்று அளந்து கொடுத்த நாள்களில், சில்லறைக் கடைக்காரர் பலர், குழந்தையுள்ள வீடுகளுக்கென்று ஓரிரு பொதிகளைப் பலகைக்கடியில் ஒதுக்கி வைத்திருந்தனர். அதன் விலையும் வழக்கம்போலக் கொப்பியிலேயே ஏறியது.