கருமத்தம்பட்டியில் ஆயரானவர்: பிரெசிலாக் பற்றிச் சில குறிப்புகள்

கோவையிலிருந்து அவினாசி ரோட்டில் போனா கருமத்தம்பட்டி வரும். சோமனூருக்குத் திரும்புற இடம். விசைத்தறிச் சத்தம், லாரி, பேக்கரி, நால்ரோடு. அங்கே பழைய செபமாலை மாதா கோயில் ஒன்று இருக்கு. 17ஆம் நூற்றாண்டிலேயே சேசு சபையினர் காலூன்றிய ஊர் அது. அந்த ஊரில் 1846 அக்டோபர் 4 அன்று, 32 வயசுப் பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பெயர் மெல்கியோர் தெ மாரியோன் பிரெசிலாக். கோயம்புத்தூர் கத்தோலிக்க மறைப்பகுதிக்கு முதல் தலைவர். எட்டு வருஷத்தில் பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கக் கிளம்பிவிட்டார். போனவர் திரும்பவே இல்லை.

ஏன் போனார் என்பதுதான் இந்தக் குறிப்பின் விஷயம். இப்போதெல்லாம் பத்து நாள், பதினைந்து நாள் வெளிநாட்டு மிஷன் பயணம் போய்வந்து, 'என் வாழ்க்கையே மாறிடுச்சு' என்று சாட்சி சொல்பவர்கள் நிறையப் பேர். மாறியிருக்கலாம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 12 வருஷம் ஒரு அந்நிய மண்ணில் இருந்தவருக்கு என்ன மாறுகிறது? அந்த மாற்றம் எப்பவும் ஆறுதலாகத்தான் இருக்குமா? பிரெசிலாக்கின் கதை அதற்கு நல்ல உதாரணம், நம்ம ஊர் உதாரணமும்கூட.

ஒரே செமினரி, ஒரே மண், இரண்டு முடிவு

பிரெசிலாக்கைப் பேசுமுன் அவருக்கு முன்னால் வந்த ஒருவரைச் சொல்லணும். அபே துபுவா. இந்துப் பழக்கவழக்கங்களைப் பற்றிய அவருடைய பெரிய புத்தகத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் கையெழுத்துப் பிரதியைக் கிழக்கிந்தியக் கம்பெனியே விலைக்கு வாங்கியது, 1816ல் ஆங்கிலத்தில் அச்சானது. துபுவா 1792ல் இந்தியா வந்தார். திப்பு இறந்த 1799க்குப் பிறகு மைசூர்ப் பக்கம் போய், சிதறிக் கிடந்த கத்தோலிக்கர்களை ஒன்று சேர்த்தார். கொங்குப் பகுதியும் அவருக்குப் பழக்கமான மண்தான். நம்மூர் உடை, நம்மூர்ச் சாப்பாடு, அம்மைத் தடுப்பூசி வேலை என்று 31 வருஷம் இருந்தார். 1823ல் பாரிஸ் திரும்பினார். அதே வருஷம் இந்தியாவில் கிறிஸ்தவத்தின் நிலை பற்றிய அவருடைய கடிதங்கள் லண்டனில் வெளிவந்தன. சாரம் இதுதான்: இந்துக்களை மதம் மாற்றுவது நடக்கிற காரியமில்லை, காலம் கடந்துவிட்டது. மிஷனரி ஒருவரே இப்படி எழுதியதால் பெரிய சர்ச்சை ஆனது. புராட்டஸ்டண்ட் மிஷனரிகள் மறுப்பு நூல்கள் எழுதினார்கள்.

பிரெசிலாக் 1841ல் பாரிஸ் வெளிநாட்டு மிஷன் செமினரிக்குள் நுழைந்தபோது துபுவா உயிரோடு இருந்தார். 1848 வரை வாழ்ந்தார். இளையவர் கப்பலேறப் போவது பெரியவர் கைகழுவிய அதே நாட்டுக்கு என்பது கவனிக்கவேண்டிய விஷயம்.

பிரெசிலாக் தெற்குப் பிரான்சில் காஸ்தெல்நோதாரி என்ற ஊரில் 1813ல் பிறந்தவர். 1838ல் குருவானார். சொந்த ஊரிலேயே பங்குப்பணி. அப்பாவுக்கு மகன் கடல் கடந்து போவதில் துளியும் விருப்பமில்லை. ஆனாலும் 1842 ஏப்ரலில் புறப்பட்டார். சூயஸ் கால்வாய் வெட்டாத காலம் (அது 1869ல்தான் திறந்தது); ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் வரணும். ஜூலையில் புதுச்சேரி. தமிழ் படித்தார். கொஞ்சகாலம் சேலத்தில் உதவிப் பங்குக்குரு. பிறகு புதுச்சேரி செமினரிக்குத் தலைவர்.

1844: புதுச்சேரி கூட்டம்

அவர் மனசில் விதை விழுந்தது 1844ல் நடந்த புதுச்சேரி சினோடில் என்று தோன்றுகிறது. ஆயர் போனான் கூட்டிய கூட்டம். அங்கே முக்கியமாகப் பேசப்பட்டது உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவது பற்றி. சினோடின் தீர்மானங்களை லூக்கே என்ற மிஷனரி ரோமுக்குக் கொண்டுபோனார். 1845 நவம்பரில் ரோமிலிருந்து ஒரு அறிவுரை வந்தது: உள்நாட்டுக் குருக்களை வெறும் எடுபிடிகளாக வைத்துக்கொள்ளக் கூடாது, ஆயர் ஆகும் தகுதி வரைக்கும் அவர்களைப் பயிற்றுவிக்கவேண்டும்.

காகிதத்தில் சரிங்க. நடைமுறையில்? தமிழ்க் குருக்கள் இருந்தார்கள், ஆனால் தலைமை எல்லாம் ஐரோப்பியர் கையில். மிஷனரிகள் பலருக்கு உள்ளூர ஒரு எண்ணம்: 'இவங்க இன்னும் தயாராகலை.' இந்த 'இன்னும்' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிங்க. நூறு வருஷம் நின்று தாக்குப்பிடித்த சொல் அது. பிரெசிலாக் வாதம் நேர்மாறானது. பொறுப்பைக் கொடுக்காமல் ஒருத்தன் எப்படித் தயாராவான்? வெளிநாட்டு மிஷனரியின் வேலையே தன்னைத் தேவையில்லாதவனாக ஆக்கிக்கொள்வது என்பது அவர் எண்ணம்.

இந்த நினைப்போடுதான் கோவைக்கு வந்தார். கோவை, நீலகிரி, பாலக்காட்டுப் பக்கம் கொஞ்சம் என்று விரிந்த பகுதி. கையில் பணமில்லை, ஆளுமில்லை. கோவாவைச் சார்ந்த போர்த்துகீசியப் பதுரவாதோ குருக்களோடு எந்தக் கோயில் யாருக்கு என்ற இழுபறி வேறு. வந்ததும் கருமத்தம்பட்டியிலேயே செமினரி வேலையைத் தொடங்கினார். பெரிய கடை வீதியில் இன்று நிற்கும் புனித மிக்கேல் பேராலயத்தின் கட்டுமானமும் அவர் காலத்தில் ஆரம்பித்ததுதான். 1850ல் முழு அதிகாரமுள்ள மறைப்பதிலாள் ஆனார்.

சத்தியப்பிரமாணம் என்ற முள்

அவரை உடைத்தது பணமோ கோவாக்காரர்களோ இல்லை. ஒரு சத்தியப்பிரமாணம்.

கதை 1606ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலியிடம் தொடங்குகிறது. பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் சமுதாயப் பழக்கம், மதச் சடங்கு இல்லை; கிறிஸ்தவரானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றார். 1623ல் ரோம் சில நிபந்தனைகளோடு ஒத்துக்கொண்டது. பிறகு புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் என்ற பாப்பரசரின் தூதர், 1704ல் பல பழக்கங்களுக்குத் தடை போட்டார். அந்தப் பட்டியலைப் பார்த்தா நம்ம வீட்டு விஷயமெல்லாம் இருக்கும்: பிள்ளையார் உருவம் பதித்த தாலி, கல்யாணத்தில் தேங்காய் உடைப்பது, பெண் பெரியவளானால் எடுக்கும் சீர், திருநீறு, கிறிஸ்தவ மேளக்காரர்கள் இந்துக் கோயில் திருவிழாவில் வாசிப்பது. இன்னொன்றும் இருந்தது, அதுதான் கனமானது: சாகக் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் போய் மிஷனரி அவஸ்தை கொடுக்கவேண்டும், வாசலில் நின்றோ வெளியே தூக்கி வரச்சொல்லியோ கொடுக்கக் கூடாது.

பல வருஷ வாதப் பிரதிவாதத்துக்குப் பிறகு 1744ல் பாப்பரசர் 14ஆம் பெனடிக்ட் இறுதியாகச் சொல்லிவிட்டார்: தடை தடைதான். இந்தப் பகுதிக்கு வரும் ஒவ்வொரு மிஷனரியும் இதைக் கடைப்பிடிப்பதாகச் சத்தியம் செய்யவேண்டும். (பறையர்களுக்கென்று தனி மிஷனரிகளை வைத்துக்கொள்ளச் சலுகையும் கிடைத்தது. சாதியை ஒழிக்கப் போட்ட சட்டம் என்று இதை நினைப்பவர்கள் இந்த அடைப்புக்குறியைக் கவனிக்கவேண்டும்.)

நூறு வருஷம் கழித்துப் பிரெசிலாக் பார்த்தது இதுதான். எல்லோரும் சத்தியம் செய்கிறார்கள். ஆளாளுக்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். ஒரு பங்கில் விடுவதை அடுத்த பங்கில் தடுக்கிறார்கள். வார்த்தைக்கு வார்த்தை கடைப்பிடித்தால் சபையே கலைந்துபோகும். கடைப்பிடிக்காவிட்டால் கடவுள் பெயரால் செய்த சத்தியம் பொய். பெரும்பாலானவர்கள் இதோடு சமாதானமாகிவிட்டார்கள். 'ஊர்ல அப்படித்தான்.' இவரால் முடியவில்லை. ரோமுக்கு எழுதினார். தெளிவான பதில் வேண்டும், விசாரிக்கவேண்டும் என்றார். பொதுவான புத்திமதிகள் வந்தன, தெளிவு வரவில்லை.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடணும். பிரெசிலாக்கைச் சாதி எதிர்ப்புப் போராளி என்று இன்றைக்குக் கொண்டாடக் கிளம்பினால் அது சரித்திரமாகாது. சாதிப் பழக்கங்களில் பலவற்றைச் சமுதாய வழக்கம் என்று பொறுத்துக்கொள்ளலாம் என்ற பக்கம்தான் அவர் சாய்ந்தார். அவருக்கு உறுத்தியது முதலில் சாதிக் கொடுமை அல்ல. தன் மனச்சாட்சியும் தன் சத்தியமும் ஒத்துப்போகாதது. தெருவுக்கு வெளியே குடிசையில் கிடந்தவருக்கு என்ன உறுத்தியது என்பதை எழுதி வைக்க ஆளில்லை. நமக்குக் கிடைக்கும் காகிதமெல்லாம் ஆயர்கள் எழுதியது. மிஷன் வரலாறு படிக்கும்போது இந்த ஓட்டை எப்பவும் ஞாபகத்தில் இருக்கணும்.

கிளம்பினார்

1854ல் நேரில் பேசிவிடலாம் என்று ரோமுக்குப் போனார். 1855 மார்ச்சில் பதவி விலகல் ஏற்கப்பட்டது. வயசு 41. சொந்த மண்ணில் வேலையில்லாத ஆயர். அந்தச் சமயத்தில் உட்கார்ந்து பன்னிரண்டு வருஷ மிஷன் நினைவுகளை எழுதினார்.

தோற்று வந்தவர் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னவர்களும் இருந்திருப்பார்கள். துபுவா இந்த இடத்தில் 'நடக்காது' என்று எழுதி முடித்தார். பிரெசிலாக் வேறு முடிவுக்கு வந்தார். ஐரோப்பிய மிஷனரி யாருமே அதிகம் போகாத இடத்தில், முதல் நாளிலிருந்தே உள்ளூர்க் குருக்களை மனசில் வைத்துத் தொடங்கினால்? மேற்கு ஆப்பிரிக்காவின் தாஹோமிக்கு, அதாவது இன்றைய பெனினுக்கு, போகிறேன் என்று கேட்டார். ரோம், தனியாகப் போகாதே, ஒரு சபையைத் தொடங்கு என்றது. 1856 டிசம்பர் 8 அன்று லியோன் நகரத்துக் குன்றில் இருக்கும் ஃபூர்வியேர் மாதா கோயிலில் ஆப்பிரிக்க மிஷன் சபை பிறந்தது. கோவையில் கற்ற பாடம்தான் அதன் அஸ்திவாரம்.

தாஹோமிக்குப் பதில் சியரா லியோன் கொடுத்தார்கள். 1859 மே 14 அன்று ஃப்ரீடவுனில் இறங்கினார். ஊரில் கொள்ளைநோய், இறங்கவேண்டாம் என்று கப்பல் கேப்டன் தடுத்ததாகச் சொல்வார்கள். ஜூன் 25 அன்று மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். சரியாக ஆறு வாரம். கூட வந்தவர்களும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். லியோனில் மிச்சமிருந்த பிளாங்க் என்ற இளம் குரு சபையைக் கலைக்காமல் பிடித்துக்கொண்டார். அது இன்றும் இருக்கிறது. இந்தியக் குருக்களும் அதில் சேர்ந்து ஆப்பிரிக்காவில் வேலை செய்கிறார்கள். கோவையைவிட்டு ஆப்பிரிக்காவுக்குப் போனவர் தொடங்கிய சபை, இந்தியர்களை அங்கே அனுப்புகிறது.

பிறகு என்ன ஆச்சு?

இந்திய மிஷன்களை விசாரிக்க ரோம் போனானையே நியமித்தது. வேலை முடியுமுன் அவர் 1861ல் காசியில் இறந்தார். கோவையில் பிரெசிலாக்குக்குப் பின் பிரெஞ்சு ஆயர்களே வரிசையாக வந்தார்கள். மிக்கேல் பேராலயம் 1867ல் முடிந்தது. 1886ல் கோவை முழு மறைமாவட்டம். தமிழ்நாட்டுக்கு முதல் தமிழ் லத்தீன் ஆயர் 1923ல், தூத்துக்குடிக்கு ரோச் ஆண்டகை. கோவைக்கு முதல் இந்திய ஆயர் உபகாரசாமி ஆண்டகை, 1940ல். பிரெசிலாக் கேட்டது நடக்க, அவர் ஆயரான நாளிலிருந்து 94 வருஷம் ஆனது.

அதே 1940ல்தான் அந்தச் சத்தியப்பிரமாணத்தையும் ரோம் நீக்கியது. இரண்டு முள்ளும் ஒரே வருஷத்தில் எடுக்கப்பட்டன. தற்செயல்தான், ஆனாலும் குறித்து வைத்துக்கொள்ளலாம். சத்தியம் போனது, சாதி போகவில்லை. தனிக் கல்லறை, தனித் தேர் என்று சண்டை இன்றும் செய்தித்தாளில் வருகிறது. பிரெசிலாக் பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்த 'சமுதாய வழக்கம்' அவ்வளவு சாதுவானது இல்லை என்று ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் தள்ளி நாம் பார்க்கிறோம்.

2020 மே மாதம் ரோம் அவருடைய வீரத்துவமான நற்பண்புகளை ஏற்றது; புனிதர் பட்டத்துக்கான வழியில் அது ஒரு படி. அது திருச்சபையின் கணக்கு. வரலாறு படிக்கிறவனுக்கு வேறொன்று முக்கியமாகப் படுகிறது. அவர் இங்கே யாரை மாற்றினார் என்று எண்ணிப் பார்த்தால் பெரிய எண்ணிக்கை எதுவும் தேறாது. ஆனால் கொங்கு மண் அவரை மாற்றியது. வந்தபோது அவரிடம் நிறைய விடை இருந்திருக்கும். போனபோது எடுத்துப்போனது ஒரு கேள்வி. பதவியைவிட அந்தக் கேள்வி பெரிது என்று நினைத்ததால்தான் 41 வயசில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க முடிந்தது.

அடுத்த தடவை டவுன்ஹால் பக்கம் போனா, பெரிய கடை வீதிக்குள்ளே நுழைந்து மிக்கேல் கோயிலை ஒரு எட்டுப் பார்த்துட்டு வாங்க. அதை முடித்தவர்கள் வேறு. தொடங்கிய காலத்தில் ஆயராக இருந்தவர் ஃப்ரீடவுனில் செத்தார்.