பேறுகாலத்துக்குப் பின் வயிறு கட்டுதல்: தாய்மார் அறிய வேண்டியவை

பிள்ளை பெற்ற தாயின் வயிற்றைப் பழைய பருத்திச் சேலையால் சுற்றிக் கட்டுவது தமிழ்நாட்டில் நெடுநாள் வழக்கம். எட்டயபுரம் போன்ற கரிசல் ஊர்களில் இன்று சேலைத் துணியுடன் கடையில் விற்கும் பெல்ட்டும் பயன்படுகிறது. இரண்டும் வயிற்றைத் தாங்கும். ஆனால் நிலையாகச் சுருக்கா.

வயிறு எவ்வாறு பழைய நிலையை அடைகிறது?

பிரசவம் முடிந்தவுடன் கருப்பையின் எடை ஏறத்தாழ 1 கிலோ. அது தானாகவே சுருங்கி, சுமார் 6 வாரங்களில் இயல்பு நிலையை நெருங்குகிறது. கர்ப்பத்தில் விலகிய வயிற்றுத் தசைகளும் படிப்படியாக நெருங்கி வருகின்றன. இவற்றுக்குக் காலமும் முறையான பயிற்சியும் தேவை.

துணியா, பெல்ட்டா?

பருத்தித் துணி வியர்வையை உறிஞ்சும், தளர்த்துவதும் எளிது. பெல்ட்டில் மீள்நாடாவும் வெல்க்ரோவும் இருக்கும். சிலவற்றில் பிளாஸ்டிக் அல்லது உலோகப் பட்டைகளும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பெண்கள் அணிந்த கார்செட்டும் எஃகுப் பட்டைகளால் இடையை இறுக்கியது. இத்தகைய இறுக்கம் அணிந்திருக்கும் வரை மட்டுமே இடையைச் சிறிதாகக் காட்டும். கோடை வெயிலில் பட்டையின் அடியில் வியர்க்குருவும் புண்ணும் உண்டாகலாம்.

பாதுகாப்பாகக் கட்டும் முறை

• மருத்துவரோ செவிலியரோ இரத்தப்போக்கைப் பரிசோதித்து அனுமதித்த பின்னரே கட்டுங்கள்.
• இடுப்பெலும்பிலிருந்து மேல்நோக்கிச் சுற்றுங்கள். விலா எலும்புகளை அழுத்தாதீர்கள்.
• கட்டுக்குள் இரண்டு விரல்கள் எளிதில் நுழைய வேண்டும்.
• அறுவைப் பிரசவமாயின் முடிச்சு தையல்மீது அமையக் கூடாது. அளவான கட்டு, நடக்கும்போதும் இருமும்போதும் வலியைக் குறைக்கலாம்.
• உறங்கும்போது அவிழ்த்துவிடுங்கள். நாள்தோறும் துவைத்து உலர்த்திய துணியையே பயன்படுத்துங்கள்.

இறுக்கிக் கட்டினால் என்ன ஆகும்?

மூச்சு விடுவது கடினமாகும், நெஞ்செரிச்சல் உண்டாகலாம். வயிற்றினுள் அழுத்தம் மிகுந்து இடுப்புத்தளத் தசைகளைக் கீழ்நோக்கித் தள்ளும். பிரசவத்தில் தளர்ந்த அத்தசைகளுக்கு இது கூடுதல் சுமை. சிறுநீர்க் கசிவும் அடியிறக்கமும் உள்ளவர்களுக்குத் தொல்லை கூடலாம்.

“தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும்” என்பது தவறான நம்பிக்கை. பாலூட்டும் தாய் தாகம் தீரத் தண்ணீர் அருந்த வேண்டும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

• ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுதும் நனையும் இரத்தப்போக்கு
• 100.4 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல்
• துர்நாற்றமுள்ள கசிவு, தையலில் சீழ் அல்லது சிவப்பு
• ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத்திணறல்

இவற்றில் ஒன்று தோன்றினாலும் கட்டை அவிழ்த்துவிட்டு 108 அவசர ஊர்தியை அழையுங்கள். 6 வாரங்களுக்குப் பின்னும் வயிறு நடுவில் பிளந்து புடைத்துத் தெரிந்தால், கட்டை மேலும் இறுக்காதீர்கள். கிராம சுகாதார செவிலியரிடம் தெரிவித்து மருத்துவரின் ஆலோசனை பெறுங்கள்.