குண்டூசித் துரு

மலேசியாவின் பண்டமாரானில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பாவின் மர அலமாரி இருக்கிறது. கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றில் தொழிலாளர் சங்கக் கிளைச் செயலாளராக இருந்தவர் அவர். கூட்டக் குறிப்பேடுகள், சந்தா ரசீதுகளின் அடிக்கட்டைகள், கத்தரித்து வைத்த ‘தமிழ் நேசன்’ நாளிதழ்த் துண்டுகள் எல்லாம் அதற்குள்தான்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குறிப்பேட்டை ஸ்கேன் செய்யக் கொடுத்தேன். சீக்கிரம் முடிய வேண்டுமென்று தையலைப் பிரித்து, தாள்களை இயந்திரத்துக்குள் ஓட விட்டிருக்கிறார்கள். இரண்டு தாள் கிழிந்தது. செலோட்டேப் ஒட்டித் திருப்பித் தந்தார்கள். டேப் எப்போதோ உதிர்ந்துவிட்டது. பசை மட்டும் பழுப்பாகத் தாளில் ஊறி, அப்பாவின் கையெழுத்தைத் தின்றுவிட்டது. செய்தவர் மேல் எனக்குக் கோபமில்லை. தாளை எப்படித் தொடுவது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சொல்லித் தந்த இடம் என்றால் எனக்கு ரோஜா முத்தையா நூலகம்தான் நினைவுக்கு வரும். செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதியவர் முத்தையா. நூல், இதழ், நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று எதையும் தள்ளாமல் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994இல் சென்னையில் அது ஆய்வு நூலகமானது. அங்கே தமிழ்நாட்டு ஊழியர்களே நூலைத் தூசி தட்டவும், பட்டியலிடவும், மைக்ரோஃபிலிம் எடுக்கவும், பின்னாளில் ஸ்கேன் செய்யவும் பழகினார்கள். 2005இல் ஈழத்து நூல்களுக்காக ‘நூலகம்’ இணையதளத்தைத் தொடங்கியவர்களும் இப்படித்தான் செய்து செய்து கற்றார்கள்.

எங்கள் பக்கம் நிலைமை வேறு. 1941இல் கிள்ளான் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ‘தமிழ் நேசன்’ துணையாசிரியர் ஆர். எச். நாதன் முன்னின்றார். தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். எதிரே வெள்ளைக்காரத் துரை வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டிய வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். மே மாதம் காலனி அரசு நாதனைப் பிடித்தது, பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். இதைப் படிக்கப் போகிறவருக்கு லண்டன் கியூ காப்பகத்தில் காலனி அலுவலகக் கோப்புகள் ஒழுங்காக எண்ணிட்டுக் காத்திருக்கின்றன. சைக்கிளைவிட்டு இறங்கியவனின் பக்கத்துத் தாள் எங்கே? லயத்துப் பெட்டியிலும் கோயில் நிலைப்பேழையிலும் இருந்தது. கரையானுக்கும் வெள்ளத்துக்கும் போக மிச்சம்தான் நம்மிடம். 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேச’னும் 2019இல் நின்றுவிட்டது.

அதனால் கோயில் கணக்கர், பள்ளி நூலகர், சங்கத்து இளைஞர் யார் வந்தாலும் சனிக்கிழமைகளில் சொல்லித் தருகிறேன். முதல் நாள் கேமராவைத் தொட விடுவதில்லை. கையைக் கழுவித் துடைக்க வேண்டும். கையுறை வேண்டாம், அது விரலின் உணர்ச்சியை மழுக்கும். பேனா கூடாது, பென்சில் மட்டும். ஏட்டைத் தட்டையாக விரிக்கக் கூடாது. இரு பக்கமும் முட்டுக் கொடுத்துப் பாதி திறந்து, மேலிருந்து படமெடுக்க வேண்டும். தாள் நனைந்தால் இரண்டு நாளுக்குள் உலர்த்தத் தொடங்க வேண்டும். இந்த ஊர் ஈரத்தில் பூஞ்சணம் காத்திருக்காது. உடனே முடியாவிட்டால் பையிலிட்டுக் குளிர்பெட்டியில் உறைய வைத்துவிடலாம். மூலப் படத்தைச் சுருக்காமல் இரண்டு இடங்களில் வைக்க வேண்டும்.

போன வாரம் கோயில் கணக்கருக்குக் குண்டூசி எடுக்கக் காட்டினேன். துருப்பிடித்த ஊசியைப் பிடித்து இழுத்தால் தாளும் கூடவே வரும். மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஊசிக்குக் கீழே ஒன்றும் மேலே ஒன்றும் நுழைத்து, துரு விடும்வரை அசைக்க வேண்டும். கால் மணி நேரம் ஆனது. ஊசி கழன்றதும் ஐந்து ரசீதுகள் பிரிந்தன. கடைசி ரசீதில் சந்தா ஐம்பது காசு. கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருவிரல் ரேகை, மை இன்னும் நீலமாக இருந்தது.