உளுத்தல்

தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கும் வேலந்தாவளம் கடைவீதியில், பொட்டலப் பயற்றில் வண்டு கண்டால் ‘எக்ஸ்பயரி ஆகிவிட்டது’ என்று கூறும் வழக்கம் பெருகிவருவது என் மனத்தை உறுத்துகிறது. ஏனெனில் அச்சொல் காலாவதியைக் குறிப்பதேயன்றிப் பூச்சி அரித்ததைக் குறிப்பதன்று. பயறு வண்டு வயலிலேயே காய்களின்மேல் முட்டையிட, அதன் புழு மணியினுள் துளைத்துச் சென்று பருப்பைத் தின்று, பின்னர் வட்டத் துளையிட்டு வண்டாய் வெளிவருகிறது. ஆகையால் தேதி மிச்சமிருக்கும் பொட்டலத்திலும் அது தோன்றக்கூடும். உள்ளிருந்தே நிகழும் இந்த நாசத்தைக் குறிக்க ‘உளுத்தல்’ என்னும் அருமையான சொல் நம்மிடம் உண்டு. உளு என்பது அரிக்கும் புழு. அதனால் மரமோ தானியமோ பொடிந்து பாழாவது உளுத்தல். அதுவே பொருள் விரிந்து, புறத்தே உறுதியாய்த் தோன்றி உள்ளே சாரமற்றுப்போன கொள்கைக்கும் ஸ்தாபனத்துக்கும் வழங்கலாயிற்று. நெல்லைக் கெடுக்கும் அந்துப்பூச்சியின் பெயரோ, இதற்கு மாறாகச் சுருங்கி, துணிப்பெட்டியில் இடும் அந்துருண்டையில் மட்டுமே பலருக்கு எஞ்சியிருக்கிறது. தேதி கடந்ததைக் காலாவதி என்றும், பூச்சி அரித்ததை உளுத்தது என்றும் பிரித்துச் சொல்வதே பாஷைக்கும் பதார்த்தத்துக்கும் நாம் செய்யும் நியாயமாகும்.